கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

2007ஆம் வருடம். ஹரியானாவில் பஞ்ச்குலா மாவட்டத்தில் பர்வாலா என்று ஓர் ஊர். நமக்கு நாமக்கல் மாதிரி, வடக்கே அவர்களுக்கு பர்வாலா. சாலையின் இரண்டு பக்கமும் கோழிப்பண்ணைகள். ஊர் வருவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் வேளாண் கடன் பார்க்கும் அதிகாரியாக இருந்தேன். பி.காம். படித்தவனுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும்? திட்ட அறிக்கையில் குஞ்சு விலை, தீவன விலை, முட்டை விலை, இறப்பு விகிதம் என்று கட்டங்கள் இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்துக் கணக்கு சரியாக வந்தால் கையெழுத்து. அவ்வளவுதான்.

ஒரு கடன்தாரர் ஐயாயிரம் முட்டைக்கோழிக் குஞ்சுகள் வாங்கி விட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூன்றாவது வாரம் நான் ஆய்வுக்குப் போனபோது ஆயிரத்து எண்ணூறு செத்துப்போயிருந்தன. மிச்சமிருந்தவற்றிலும் பல, குண்டு பல்புக்குக் கீழே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி நின்றன. பின்புறத்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல வெள்ளை எச்சம் காய்ந்திருந்தது.

"சாப், குஞ்சு வந்த மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் சரி, தீவனம் சரி. குஞ்சிலேயே ஏதோ இருந்திருக்கிறது" என்றார். பக்கத்துப் பண்ணையில் அதே தீவனம், ஆனால் வேறு இடத்துக் குஞ்சு, அங்கே ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்து அறிக்கையில் எழுதியது இரண்டே வார்த்தை: பராமரிப்பில் கவனக்குறைவு. கடன் வாங்கியவர் எல்லோரும் சொல்லும் சாக்குதானே என்று நினைத்தேன். 'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா' என்று கேட்டு வளர்ந்தவன் நான். தாயால் குஞ்சுக்குச் சாவு வரும் என்பது மனதில் ஏறவில்லை.

பல வருடம் கழித்து, ஊர் மாறி, இன்னொரு கோழிப்பண்ணைக் கடன் மேஜைக்கு வந்தபோதுதான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அந்த இரண்டு வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை பிரான்ஸில் ஆரம்பிக்கிறது. 1870களின் இறுதியில் ஐரோப்பியப் பண்ணைகளில் கோழிக் காலரா என்று ஒரு நோய் பரவியது. மனிதர்களின் காலராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. இதற்குக் காரணமான கிருமியை இத்தாலியில் பெரோன்சிட்டோ பார்த்தார். துலூஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் இருந்த தூசான் ஆராய்ந்து, மாதிரியை லூயி பாஸ்டருக்கு அனுப்பினார். பாஸ்டர் கோழிச் சாற்றிலேயே அந்தக் கிருமியை வளர்த்தார். புதிதாக வளர்த்த கிருமியை ஊசியால் குத்தினால் கோழிகள் செத்தன. அடுத்த மறுவளர்ப்புக்கு முன்னால் நீண்ட இடைவெளி விட்டுப் பழசாக்கிய கிருமியைக் குத்தினால் கோழிகள் கொஞ்சம் சுணங்கிப் பிழைத்துக்கொண்டன. பிழைத்தவற்றுக்குப் பிறகு புதுக் கிருமியைக் குத்தியபோதும் அவை சாகவில்லை. 1880இல் இதை அறிவித்தார். விடுமுறைக்குப் போய்வந்தபோது மறந்து கிடந்த குடுவையால் தற்செயலாக நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். அவருடைய ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளைப் பார்த்தவர்கள், அது அத்தனை சுலபமாக நடக்கவில்லை, மாதக்கணக்கான முயற்சி இருந்தது என்கிறார்கள்.

தடுப்பூசியின் வரலாறாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரே கிருமி, ஒரே பெயர். ஆனால் ஒரு வளர்ப்பு கொல்கிறது, இன்னொரு வளர்ப்பு கொல்வதில்லை. கிருமியின் கொடுமை நிலையானது அல்ல, அது ஏறும், இறங்கும் என்று சோதனையில் காட்டியது அப்போதுதான். பாஸ்டர் இன்னொன்றும் கவனித்தார். கினிப்பன்றிக்கு அதே கிருமியைக் குத்தினால் ஒரு கட்டி மட்டும் வருகிறது. விலங்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டியின் சீழ் கோழியைத் தொட்டால் கோழி சாகிறது. ஒன்றுக்கு வலிக்காதது இன்னொன்றுக்கு எமன். சும்மா தூக்கிக்கொண்டு திரிபவனும் ஆபத்தானவன்.

ஆனால் கோழிக் காலரா பெரும்பாலும் வளர்ந்த கோழியின் நோய். குஞ்சுகளின் கதைக்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து அமெரிக்காவுக்கு.

கென்ட் பகுதியில் ஆர்பிங்டன் என்று ஓர் ஊர். ஆர்பிங்டன் கோழி இனத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. அங்கே ஒரு பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்ததை எட்வர்ட் கிளைன் ஆராய்ந்து 1889இல் கிருமியை விவரித்தார். இன்று அதற்கு சால்மொனெல்லா காலினாரம் என்று பெயர். நோய்க்குக் கோழி டைபாய்டு என்று பெயர். வளரும் கோழி, முட்டையிடும் கோழி இவற்றைத்தான் அதிகம் பிடிக்கும்.

பத்து வருடம் கழித்து, 1899இல், அமெரிக்காவில் லியோ ரெட்கர் என்பவர் பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகள் சாவதை ஆராய்ந்தார். யேல் பல்கலைக்கழகத்துக்காரர். குஞ்சுகளின் உடம்பிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து 1900இல் வெளியிட்டார். பிறகு கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோர்ஸ் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஸ்டோன்பர்னுடன் சேர்ந்து தொடர்ந்து வேலை செய்தார். 1909இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் நோயின் பெயர் 'குஞ்சுகளின் பாக்டீரிய வெள்ளைப் பேதி'. பின்னாளில் புல்லோரம் நோய் என்று ஆனது. கிருமி சால்மொனெல்லா புல்லோரம். (நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றால் ராணிக்கெட் நோய். அது வைரஸால் வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ரெட்கர் குழு கண்டுபிடித்ததில் பெரிய விஷயம் அது வரும் வழி. நோயில் பிழைத்த பெட்டைக்குஞ்சு வளர்ந்து கோழியாகிறது. பார்க்க ஆரோக்கியம், முட்டையும் இடுகிறது. ஆனால் கிருமி அதன் சினைப்பையில் போய்க் குடியேறிவிட்டது. அது இடும் முட்டைகளில் சிலவற்றின் மஞ்சள் கருவிலேயே கிருமி இருக்கிறது. அந்த முட்டை பொரித்தால் குஞ்சு பிறக்கும்போதே நோயோடு பிறக்கிறது. பக்கத்துக் குஞ்சுகளுக்கும் கொடுக்கிறது. அவற்றில் பிழைத்தவை மறுபடி தாயாகின்றன. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் அறிக்கை எழுதிய நாளில் இது தெரிந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: குஞ்சுகள் எந்தத் தேதியிலிருந்து செத்தன? முட்டையிலேயே கிருமி வாங்கிய குஞ்சு முதல் சில நாளிலேயே போய்விடும். இன்குபேட்டரிலும் பெட்டியிலும் அதனிடமிருந்து வாங்கிக்கொண்டவை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் போகும். சாவுக் கணக்கைத் தேதிவாரியாகப் போட்டாலே நோய் எங்கே தொடங்கியிருக்கும் என்று ஒரு குறிப்பு கிடைக்கும். லெட்ஜர் பார்ப்பதுதானே என் தொழில், இந்த லெட்ஜரைப் பார்க்கவில்லை.

அன்றைய அமெரிக்காவில் இந்த நோய் கொழுத்ததற்கு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு. முன்பெல்லாம் ஒரு கோழி பத்துப் பதினைந்து முட்டையை அடைகாத்தது. நோய் இருந்தாலும் அந்த ஒரு கூட்டோடு போனது. பிறகு ஆயிரக்கணக்கான முட்டை பிடிக்கும் இன்குபேட்டர்கள் வந்தன. பல பண்ணைகளின் முட்டைகள் ஒரே பெட்டிக்குள் போயின. ஒரு நோயுற்ற குஞ்சின் பொடிமயிர் காற்றில் பறந்தால் போதும், மொத்தப் பெட்டிக்கும் விநியோகம். பொரித்த குஞ்சு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு மூன்று நாள் வரை தீனியில்லாமல் தாங்கும் என்பதால், 1918இலிருந்து ஒருநாள் குஞ்சுகளைத் தபாலிலேயே அனுப்ப அமெரிக்கத் தபால் துறை அனுமதித்தது. குஞ்சோடு கிருமியும் தபாலில் போனது. சில பண்ணைகளில் குஞ்சுகளில் 80 சதவீதத்துக்கு மேல் செத்தன.

எதிர்த்து நின்றது ஒரு சொட்டு ரத்தம். கிருமியைத் தாங்கும் கோழியின் ரத்தத்தில் அதற்கு எதிரான பொருள் இருக்கும். கொன்ற கிருமிகளை அந்த ரத்தத்தோடு சேர்த்தால் கிருமிகள் திரண்டு கட்டியாகும். 1913இல் ஜோன்ஸ் என்பவர் இதைச் சோதனைக்குழாயில் செய்து, தாய்க்கோழிகளில் யார் தாங்கி என்று பிரிக்கலாம் என்று காட்டினார். 1930களின் தொடக்கத்தில் இன்னும் எளிதானது. ஊதா சாயம் ஏற்றிய கிருமிக் கரைசல் ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் விட்டு, இறக்கை நரம்பில் குத்தி எடுத்த ரத்தம் ஒரு சொட்டைக் கலந்தால் இரண்டு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். திரிதிரியாகத் திரண்டால் அந்தக் கோழி வெளியே. பண்ணை முற்றத்திலேயே நூற்றுக்கணக்கான கோழிகளைச் சோதிக்கலாம். 1935இல் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. கட்டாயம் இல்லை, விரும்பியவர் சேரலாம். சேர்ந்த பண்ணைகளுக்குச் 'சோதிக்கப்பட்டது', 'தேறியது', 'சுத்தமானது' என்று தரச்சான்று. கிட்டத்தட்ட நம் கிரெடிட் ரேட்டிங் மாதிரி. குஞ்சு வாங்குபவர் சான்று கேட்க ஆரம்பித்ததும் பண்ணைகள் தானாகவே வந்து சேர்ந்தன. சில பத்தாண்டுகளில் அந்த நாட்டின் வணிகப் பண்ணைகளில் புல்லோரம் ஏறக்குறைய ஒழிந்தது. தாயைச் சோதித்துத்தான் குஞ்சைக் காப்பாற்றினார்கள்.

நடுவில் ஒரு தடங்கல் வந்தது. தணிக்கைக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1940களின் தொடக்கத்தில் கனடாவில் சில பண்ணைகளில் குஞ்சுகள் புல்லோரம் போலவே செத்தன. ஆனால் தாய்க்கோழிகள் சோதனையில் சுத்தம் என்று தேறின. ஆராய்ந்தபோது தெரிந்தது, கிருமி புல்லோரம்தான், ரகம் வேறு. கிருமியின் மேல்தோலில் உள்ள ஒரு பொருளின் உட்பிரிவுகள் வழக்கமான ரகத்தில் ஒரு விகிதத்தில் இருந்தன, இந்த ரகத்தில் வேறு விகிதத்தில். சோதனைக் கரைசலோ வழக்கமான ரகத்தை மட்டும் வைத்துச் செய்தது. அதனால் புது ரகத்தைத் தாங்கிய கோழிகள் தப்பித்தன. பிறகு இரண்டு ரகத்தையும் கலந்து கரைசல் தயாரித்தார்கள். நம் செக் லிஸ்ட்டில் இல்லாத கேள்விக்கு எல்லாக் கணக்கும் சரியாகத்தான் தெரியும்.

இப்போது விசித்திரமான பகுதி. ஆர்பிங்டனின் காலினாரமும் ரெட்கரின் புல்லோரமும் அந்த மேல்தோல் சோதனையில் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்த கரைசல் மற்றதையும் பிடிக்கும். பிரிக்க வேண்டுமானால் டல்சிடால் என்ற சர்க்கரையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். காலினாரம் அதைப் புளிக்கவைக்கும், புல்லோரம் செய்யாது. இன்று இரண்டையும் ஒரே வகையின் இரு கிளைகள் என்றே சொல்கிறார்கள். ஆனாலும் ஒன்று குஞ்சைத் தேடுகிறது, மற்றது பெரும்பாலும் வளர்ந்த கோழியைத் தேடுகிறது. பொரிக்கும் பெட்டியில் பிறந்த அண்ணன் தம்பி, ஆளுக்கொரு தொழில்.

மரபணு முழுவதையும் படிக்கும் காலம் வந்தபிறகு இன்னும் தெளிவு கிடைத்தது. இந்த இரண்டும் சால்மொனெல்லா என்டரிடிடிஸ் போன்ற ஒரு மூதாதையிடமிருந்து வந்தவை. என்டரிடிடிஸ் மனிதன், எலி, கோழி என்று எங்கும் பிழைக்கும். காலினாரம் கோழியோடு ஒதுங்கிவிட்டது. 2008இல் இரண்டின் மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். காலினாரத்தில் 300க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உடைந்து, வேலை செய்யாமல் கிடந்தன. கொடிய ரகம் எதையோ கூடுதலாகச் சம்பாதித்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே இழந்திருக்கிறது.

இழந்தவற்றில் ஒன்று நீந்துவதற்கான வால். காலினாரத்துக்கும் புல்லோரத்துக்கும் வால் கிடையாது, அசையாது. என்டரிடிடிஸுக்கு உண்டு. குஞ்சின் உடம்பில் இந்த வாலின் புரதத்தை அடையாளம் காணும் காவலாளி இருக்கிறான். வாலுள்ள கிருமி குடலில் நுழைந்ததும் அவன் கூச்சல் போடுவான், வீக்கம் வரும், படை திரளும். வாலில்லாதது சத்தமில்லாமல் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போய், கல்லீரல், மண்ணீரல் என்று பரவிவிடுகிறது. கூச்சல் எழும்போது காரியம் முடிந்திருக்கும்.

இதே பாடத்தை எகோலை கிருமியும் சொல்கிறது. எகோலை எல்லாக் குஞ்சின் குடலிலும் உண்டு, பெரும்பாலானவை சாது. ஆனால் ஓ78 போன்ற சில ரகங்கள் காற்றுப்பை, இதயம், கல்லீரல் என்று ஏறிக் குஞ்சைக் கொல்லும். இப்படிப்பட்ட கொல்லும் ரகங்கள் பலவற்றில் கோல்-வி என்னும் சிறு மரபணு வளையம் கூடுதலாக இருப்பதை எச். வில்லியம்ஸ் ஸ்மித் 1970களில் கவனித்தார். 'எகோலை இருந்தது' என்று அறிக்கை வந்தால் பாதிச் செய்திதான். எந்த எகோலை என்பது மீதி. இதே ஸ்மித்தான் 1956இல் 9ஆர் என்ற வலுவிழந்த காலினாரம் ரகத்தைக் கோழி டைபாய்டுக்குத் தடுப்பூசியாக்கினார். மேல்தோலின் வெளிப்பகுதியை இழந்த ரகம் அது. பாஸ்டரின் பழைய குடுவைக்கு நேர் வாரிசு.

இனி என்டரிடிடிஸ். இது சில நாள் குஞ்சுகளைக் கொல்லக்கூடும். வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாமல் சினைப்பையில் குடியிருந்து முட்டைக்குள் போகும். 1980களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முட்டை சாப்பிட்டு மனிதர்கள் நோய்ப்பட்டது இதனால்தான். 1988 டிசம்பரில் பிரிட்டனின் இளைய சுகாதார அமைச்சர் எட்வினா கர்ரி, நாட்டு முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சால்மொனெல்லா இருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். முட்டை விற்பனை படுத்தது. இரண்டு வாரத்தில் அவர் பதவி விலகினார். மிகைப்படுத்திச் சொன்னார், ஆனால் பிரச்சினை பொய்யில்லை. 1998இலிருந்து அங்கே சிங்க முத்திரைத் திட்டத்தில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 2017இல்தான், அந்த முத்திரை உள்ள முட்டையை அரைவேக்காட்டில் கர்ப்பிணிகளும் சாப்பிடலாம் என்று உணவு நிறுவனம் சொன்னது.

என்டரிடிடிஸ் ஏன் அப்போது தலைதூக்கியது? 2000இல் பாய்ம்லரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கருத்து சொன்னார்கள். மேல்தோலின் ஒரு முக்கியப் பொருள் புல்லோரம், காலினாரம், என்டரிடிடிஸ் மூன்றுக்கும் பொது. முதல் இரண்டும் கோழிகளில் நிறைந்திருந்தவரை கோழிக் கூட்டத்தில் மூன்றாவதற்கும் எதிர்ப்பு இருந்தது. அவற்றை ஒழித்ததும் இடம் காலியானது, மூன்றாவது வந்து உட்கார்ந்தது. இது ஒரு விளக்கம்தான், இறுதித் தீர்ப்பல்ல. ஆனால் இதற்காக ரெட்கர் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. 1971இல் பின்லாந்தில் சால்மொனெல்லா இன்ஃபான்டிஸ் என்ற ரகம் கறிக்கோழிகளில் பரவியது. எஸ்கோ நுர்மியும் ரன்டாலாவும் வளர்ந்த கோழியின் குடலில் உள்ள கிருமிகளை ஒருநாள் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளில் சால்மொனெல்லா சுலபமாக ஒட்டவில்லை. 1973இல் வெளியிட்டார்கள். இன்குபேட்டரில் பிறந்த குஞ்சின் குடல் காலி வீடு, முதலில் வந்தவன் குடியேறுவான். நாட்டுக்கோழிக் குஞ்சு தாயின் பின்னால் குப்பையைக் கிளறிக்கொண்டே முதல் வாரத்தில் அந்த வீட்டை நல்ல குடித்தனக்காரர்களால் நிரப்பிக்கொள்கிறது. தாய் கொடுப்பது நோய் மட்டும் இல்லை, காவலும்தான்.

பர்வாலாக்காரருக்கு வருகிறேன். அந்தக் குஞ்சுகள் புல்லோரத்தால்தான் செத்தன என்று நான் சொல்லவில்லை. பின்புறத்தில் எச்சம் ஒட்டுவதும் கும்பலாக நிற்பதும் குளிர் தாங்காமலும் வரும். செத்த குஞ்சு ஒன்றைக்கூட நாங்கள் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அதனால் கிருமி எது, ரகம் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நாளே ஆரம்பித்தது என்று அவர் சொன்னது ஒரு சாட்சியம். பக்கத்துப் பண்ணையில் வேறு குஞ்சு பிழைத்தது இன்னொரு சாட்சியம். இரண்டையும் நான் எழுதவில்லை. என்னிடம் ஆதாரமே இல்லாத ஒன்றை எழுதினேன். அதை வைத்து அவருக்கு அடுத்த கடன் மறுக்கப்பட்டது. எருமைகளை விற்று இரண்டு வருடத்தில் பாக்கியைக் கட்டி முடித்தார். கோழி வளர்ப்பை விட்டுவிட்டார்.

இப்போது கோழிப்பண்ணை ஆய்வுக்குப் போகும் இளம் அதிகாரிகளுக்கு நான்கு கேள்வி எழுதிக் கொடுக்கிறேன். குஞ்சு எங்கே வாங்கியது? தாய்க்கோழிகளுக்கு ரத்தச் சோதனைச் சான்று உண்டா? சாவு எந்த நாளில் தொடங்கியது, நாளுக்கு எத்தனை? செத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா? நான்குக்கும் பதில் வரும்வரை 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை எழுதாதீர்கள் என்று சொல்கிறேன். போன மாதம் ஒரு பையன், "சார், இதெல்லாம் ஃபார்மட்டில் இல்லையே" என்றான். இல்லைதான். பின்பக்கத்தில் எழுது என்றேன்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது. ஆனால் பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் கோழியின் சினைப்பையிலிருந்து வந்த ஒன்றால் சாகும். அதற்குக் கோழியும் பொறுப்பில்லை, குஞ்சை வளர்த்தவரும் பொறுப்பில்லை. சோதித்துப் பார்க்காதவர்கள்தான் பொறுப்பு. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.